தீரன் சின்னமலை

மதிலை வளைத்தல் உழிஞை என்றும், மதிலைக் காத்தல் நொச்சி என்றும் புறப்பொருள் நூலார் வகுத்துரைப்பர். வகுப்பறையில் இவற்றைப் பாடங் கேட்கும் நமக்கு அவை மிகப் பழங்காலத்துச் செய்திகளாகவே தோன்றுகின்றன. ஆயினும், கொங்கு நாட்டிலே நொச்சி வீரர் ஒருவர் வாழ்ந்து மடிந்து இருநூறு ஆண்டுகட்குச் சற்று மேலாகவே ஆகின்றது.

இந்நாளிற் பின்னலாடைத் தொழிலாற் பெயர்பெற்று விளங்கும் திருப்பூர் மாவட்டத்திலே, காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756-ஆம் ஆண்டு பிறந்தவர் தீர்த்தகிரி. அக்காலத்துக் கொங்கு நாடு மைசூர் அரசுக்கு வரி செலுத்தி வந்தது. அவ்வரிப்பணத்தைக் கொண்டு சென்றோரை அவர் இடைமறித்துப் பொருளைக் கைக்கொண்டாரென்றும், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையேயுள்ள சின்னமலை பறித்ததாக மன்னனுக்கு அறிவிக்குமாறு பணித்து அவர்களைப் போக்கினாரென்றும், அதுமுதல் அப்பெயரே நிலைத்ததென்றும் மக்கள் வழங்குவர்.

இங்ஙனம் மைசூரோடு மாறுபட்ட அவரே, கும்பினியாரின் ஆதிக்கம் பெருகக் கண்டு, பின்னர்த் திப்பு சுல்தானுக்கு உற்ற துணைவரானார். கொங்கு நாட்டு இளைஞரைத் திரட்டிப் போர்ப்பயிற்சி அளித்து, அவர்களுடன் மைசூர்ப் போரிற் கலந்துகொண்டார். 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் போரில் மடிந்தார். அவ்வாண்டு அக்டோபரிற் கட்டபொம்மனும், 1801-ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். பாளையக்காரர் பலர் கும்பினிக்கு அடங்கி வரி செலுத்தித் தம் நிலங்களைக் காத்துக்கொண்டனர். அவ்வழியைச் சின்னமலை நாடினாரல்லர்.

அரச்சலூரை அடுத்த ஓடாநிலையில் அவர் கோட்டை எடுத்துப் படை பெருக்கினார். 1801-இற் காவிரிக் கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அரச்சலூரிலும் கும்பினிப் படையை எதிர்த்து வெற்றி கண்டார். ஈற்றில், பீரங்கிகளுடன் பெரும்படையொன்று ஓடாநிலையை நோக்கி வந்தது. சின்னமலை கோட்டையை விட்டு அகன்றார். வெறுங்கோட்டையைக் கும்பினியார் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

ஓடாநிலை என்னும் பெயருக்கு இஃது இழுக்கன்றோ என்று ஒருவர் வினவலாம். மதில் காப்போன் மதிலினுள்ளே மடிவதே நொச்சியின் முடிபு என்று நாமும் எண்ணக்கூடும். ஆனால், தம்மை நம்பி வந்த உழவர் மக்களைப் பீரங்கிக்கு இரையாக்கி ஒருநாட் புகழ் தேடுதல் படைத்தலைவர்க்கு அழகன்று. கல்லாலாகிய மதிலை அவர் கைவிட்டார். கொண்ட கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

பழனியைச் சார்ந்த மலைப்பகுதியில் மறைந்து உறைந்த அவரை, உணவு சமைத்தளித்தவனே காட்டிக்கொடுத்தான் என்பர். சிறைப்பட்ட சின்னமலை 1805-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள், உடன்பிறந்தாரோடு சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அஃது ஆடிப்பெருக்கு நாளென்று கூறுவர்; இன்றும் ஆடிப் பதினெட்டில் மக்கள் அவரை நினைந்து வணங்குகின்றனர்.

இடிக்கப்பட்ட கோட்டை இருந்த ஓடாநிலையில் இப்பொழுது அவருக்கு நினைவு மண்டபம் நிற்கின்றது. விடுமுறையிற் காங்கேயம் வழியாக ஊர் செல்லும் நண்பர்கள், சிவன்மலையைக் காணுந்தோறும், துணைவரெல்லாம் வீழ்ந்த பின்னும் தனித்து நின்ற அவ்வீரரைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.