குற்றாலத்து மந்தாரையும் டாக்டர் வைட்டும்

எங்கள் பள்ளித் தோட்டத்தின் மூலையில் ஒரு மந்தாரை மரம் நிற்கிறது. அதன் இலையை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தவர்கள் பிறகு மறக்க மாட்டார்கள். ஒரே காம்பு, ஒரே நடு நரம்பு. ஆனால் நுனியிலிருந்து பாதியளவுக்கு இலை இரண்டாகப் பிளந்து, ஈர மண்ணில் பதிந்த மாட்டுக் குளம்புபோல் தோன்றும். பிளவின் அடியில், நடு நரம்பு முடியும் இடத்தில், சிறு முள்போன்ற முனை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இரவில் இரு மடல்களும் புத்தகம் மூடுவதுபோல் சேர்ந்து மடிந்துகொள்ளும்.

இவ்வாறு பிளந்த உறுப்பைத் தாவர நூலார் 'பைஃபிட்' என்பார்கள். இரண்டாகப் பிளந்தது என்பது இந்த இலத்தீன் சொல்லின் பொருள். தமிழில் இருபிளவு எனலாம். சூரியகாந்திப் பூவின் சூல்தண்டு நுனியும், பாம்பின் நாக்கும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அடிவரை பிளந்துவிட்டால் இந்தச் சொல் பொருந்தாது, அதற்கு வேறு சொல் உண்டு. ஏறக்குறையப் பாதிவரை பிளந்து, கீழே ஒன்றாக இருப்பதே இருபிளவு என்று எங்கள் உயிரியல் சிஸ்டர் விளக்கினார்கள்.

மந்தாரை இனத்துக்குப் 'பாஹினியா' என்று பெயர் சூட்டியவர் பிளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி. தாவரவியலில் புகழ்பெற்ற பாஹின் சகோதரர் இருவரின் நினைவாக வைத்த பெயரை லின்னேயஸ் ஏற்றுக்கொண்டார். இரு மடல் இலைக்கு இரு சகோதரர் பெயர் எவ்வளவு பொருத்தம்! இதே இனத்தைச் சேர்ந்த, மேற்குத் தொடர்ச்சி மலையில் படரும் கொடி ஒன்றுக்குப் 'பாஹினியா ஃபீனீசியா' என்று 1834-ஆம் ஆண்டில் பெயரிட்டவர்களுள் ஒருவர், பின்னர் நம் குற்றால மலைகளில் அலைந்து திரிந்தவர். அவரே டாக்டர் இராபர்ட் வைட். அவருடைய வாழ்க்கையை அறிந்தபோது, எங்கள் பிழை ஒன்றையும் நாங்கள் உணர்ந்தோம். அதை இறுதியில் சொல்கிறோம்.

இராபர்ட் வைட் 1796-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். எடின்பரோ நகரில் மருத்துவம் பயின்று, 1818-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் துணை மருத்துவராகச் சென்னை வந்தார். அந்நாளில் மருந்துகளில் பெரும்பாலானவை செடி கொடிகளிலிருந்தே கிடைத்தன. ஆகவே மருத்துவர்கள் தாவரங்களையும் கற்றனர். வைட்டுக்கோ அது கடமையாக மட்டும் நின்றுவிடவில்லை, உயிர்மூச்சாகவே ஆயிற்று. நோயாளிகளைக் கவனித்த நேரம் போக, எஞ்சிய நேரமெல்லாம் செடிகளுக்கே சென்றது.

1826-இல் கம்பெனி அவரைச் சென்னையில் இயற்கை ஆய்வாளராக நியமித்தது. விரும்பிய வேலை கிடைத்தது என்று அவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் செலவைக் குறைக்கவென்று அந்தப் பதவியே நீக்கப்பட்டது. அதுவரை சேர்த்த உலர் மாதிரிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட் மறுபடியும் படை மருத்துவராகி நாகப்பட்டினம் சென்றார். வேறொருவராயின் மனமுடைந்து செடிகளைக் கைவிட்டிருப்பார். இவரோ சொந்தச் செலவில் ஆட்களை அமர்த்தி மீண்டும் முதலிலிருந்து சேகரிக்கத் தொடங்கினார்.

1831-இல் விடுமுறையில் தாய்நாடு சென்றபோது, அவருடன் கப்பலேறிய உலர் மாதிரிகள் சுமார் ஓர் இலட்சம் என்பார்கள்! அவற்றை வைத்துக்கொண்டு வாக்கர் ஆர்னட் என்ற நண்பருடன் தீபகற்ப இந்தியத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1834-இல் வெளிவந்த அந்நூலில்தான் நாம் மேலே கூறிய செந்நிறப் பூக்கொடிக்குப் பெயர் கிடைத்தது.

அதே ஆண்டு அவர் இந்தியா திரும்பினார். பெல்லாரியில் இருந்த 33-ஆவது படைப்பிரிவின் மருத்துவரானார். அந்தப் படை பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு 710 மைல் நடந்து வந்தது. வழி நெடுகிலும் வைட் செடிகளைச் சேகரித்துக்கொண்டே வந்தார். பாளையங்கோட்டை வந்த பின் அவர் மனம் நாடிய இடம் நம் குற்றாலம். பொதிகையிலிருந்து இறங்கும் தென்றலும், சாரலும், அருவிப் பாறைகளில் ஒட்டி வளரும் சிறு செடிகளும், மேலே அடர்ந்த சோலைகளும் தாவர அறிஞருக்குப் பெருவிருந்து அல்லவா? நாம் அருவியில் நீராடிவிட்டு வடையும் பழமும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அதே இடத்தில், அவர் ஒவ்வோர் இலையாகப் பார்த்து நின்றார். குற்றாலத்துத் தாவரங்களைப் பற்றிச் சென்னையில் வெளிவந்த அறிவியல் இதழில் கட்டுரையும் எழுதினார். இன்றும் பல செடிகளின் பழைய மாதிரித் தாள்களில் குற்றாலம் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது.

1836-இல் கம்பெனி அவரை வேளாண்மை ஆய்வுப் பணிக்கு மாற்றியது. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பணி அவரிடம் இருந்தது. இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு வேண்டும் என்பதே கம்பெனியின் நோக்கம். அந்த முயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வைட்டின் பெயரை நிலைநாட்டியது பருத்தியன்று, படங்களே.

1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 'ஐகோன்ஸ்' என்ற பெருநூல் 6 தொகுதிகள் கொண்டது. அதில் 2,101 தாவரப் படங்கள் உள்ளன. அயல்நாட்டில் அச்சிட்டால் செலவு மிகும் என்று, கல்லச்சு முறையைக் கற்றுச் சென்னையிலேயே அச்சிட வழி செய்தார். ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலையில் அறிவு கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். தம் வாழ்நாளில் 1,200-க்கும் மேற்பட்ட புதிய தாவர இனங்களை அவர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

ஆனால் அந்தப் படங்களை வரைந்தவர் யார்? வைட் அல்லர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர் இருவரே அவற்றுள் பெரும்பாலானவற்றை வரைந்தனர். செடி வாடுவதற்குள் வண்ணம் தீட்ட வேண்டும். பூவைப் பிரித்துச் சூலகம், மகரந்தப்பை, விதை எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். இலை எவ்வளவு ஆழம் பிளந்துள்ளது என்பதில் மயிரிழை பிழையும் கூடாது. இருபிளவா, அடிவரை பிளந்ததா என்று நூல் கூறும் சொல்லுக்குச் சாட்சியாக நிற்பது ஓவியரின் கோடுதானே! எழுத்தும் ஓவியமும் அந்த நூலின் இரு மடல்கள். ஒன்றில்லையேல் மற்றது பாதி இலையே.

வைட் இதை உணர்ந்திருந்தார். அந்நாளில் கம்பெனி அதிகாரிகள் பலர் தம்மிடம் பணிபுரிந்த ஓவியர்களின் பெயரை வெளியிடவே இல்லை. இவரோ ரங்கையா, கோவிந்து பெயர்களைப் படங்களின் அடியில் அச்சிட்டார். அதற்கும் மேலாக, ஆர்க்கிட் வகையைச் சேர்ந்த ஒரு செடிக்குக் 'கோவிந்தூயா' என்றே பெயரிட்டார். பின்வந்த அறிஞர்கள் அதை வேறொரு பேரினத்தோடு சேர்த்துவிட்டனர் என்றாலும், அந்த மரியாதை அழியவில்லை. ஆயினும் காடு மேடெல்லாம் ஏறி, அட்டைக்கடி பட்டுச் செடிகளைக் கொண்டுவந்த நம் நாட்டு ஆட்களில் பெரும்பாலோர் பெயர் அச்சில் ஏறவில்லை. அது வருந்தத்தக்கதே.

1853-இல் வைட் இங்கிலாந்து திரும்பினார். 1855-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். ரெடிங் நகருக்கு அருகே நிலம் வாங்கிப் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தார். தாம் சேர்த்த மாதிரிகளைக் கியூ தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, 1872-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் காலமானார்.

இனி எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் ஐவர் சேர்ந்து குற்றாலச் செடிகளைப் பற்றி ஓர் ஏடு தயாரித்தோம். மூவர் எழுதினோம், இருவர் படம் வரைந்தார்கள். அட்டையில் எழுதிய மூவர் பெயரை மட்டும் போட்டோம். ஏட்டுக்குப் பரிசும் கிடைத்தது. படம் வரைந்த தோழியர் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வேறு மரத்தடிக்குச் சென்று அமர்ந்தார்கள். எங்களுக்குக் காரணம் புரிந்தும் புரியாததுபோல் இருந்தோம்.

இந்தக் கட்டுரைக்காக வைட்டின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாயிற்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் தம் ஓவியருக்குச் செய்த மரியாதையை, ஒரே வகுப்பில் படிக்கும் நாங்கள் எங்கள் தோழியருக்குச் செய்யத் தவறினோமே!

அட்டையைப் பிரித்து, ஐந்து பெயர்களையும் எழுதி ஒட்டினோம். மந்தாரை இலைப் படத்தின் அடியில் அதை வரைந்தவளின் பெயரைத் தனியாகவும் எழுதினோம். அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அமர்ந்திருந்த மரத்தடியில் நீட்டினோம். அவர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சற்று நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஏடு இப்போது எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கிறது. விருப்பமுள்ளோர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி