வேலூர்க் கோட்டையில் வளர்ந்த இளவரசர் குலாம் முகம்மது

வேலூர்க் கோட்டையை அறியாதார் நம்முள் இலர். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் தோல் வணிகத்தின் பொருட்டுச் சென்னை சென்றுவரும் நம் பெரியோர்கள் அதன் மதில்களையும் அகழியையும் பன்முறை கண்டிருப்பர். 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை மாணவர்கள் பாடநூலில் படித்திருப்பர். ஆயினும், திப்பு சுல்தானுக்கு மக்களாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் அம்மதிலுக்குள் அடைக்கப்பட்ட சிறார்களை நாம் நினைப்பது அரிது. அவர்களுள் ஒருவரே இளவரசர் குலாம் முகம்மது.

இவர் 1795-இல் பிறந்தார். அதற்கு முன்பே, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இவருடைய தமையன்மார் இருவர் சிறு வயதிலேயே கும்பினியாரிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டு, 1794-இல் தந்தையிடம் மீண்டிருந்தனர். 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் வாளேந்திய நிலையிலேயே உயிர் துறந்தார். அப்போது குலாம் முகம்மதுக்கு வயது நான்கு. இம்முறை மீட்சி இல்லை. சுல்தானின் மக்களும் மனைவியரும் பணியாளர்களும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அவர்களுக்கு மாளிகை இருந்தது, உதவித்தொகையும் இருந்தது. விருப்பம்போல் வெளியேறும் உரிமைதான் இல்லை.

1806 ஜூலை 10 அன்று கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அவர்தம் சமய உணர்வைப் புண்படுத்தியிருந்தன. மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. மூத்த இளவரசர் ஃபத்தே ஹைதரின் பெயர் முழங்கிற்று. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை ஒடுக்கியது. பழி இளவரசர்கள் அனைவர்மீதும் விழுந்தது. பதினொரு வயதுச் சிறுவரான குலாம் முகம்மதும் தமையன்மாரோடு தொலைதூரக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். குடும்பம் இரண்டாகப் பிளவுற்றது. சுல்தானின் துணைவியார் பாதுஷா பேகம் வேலூரிலேயே தங்கி, 1834-இல் இங்கேயே மறைந்தார். அவர் அடக்கத்தலத்தை இன்றும் வேலூரில் காணலாம்.

கல்கத்தாவில் ஃபத்தே ஹைதர் 1815-இல் காலமானார். பின்னர் ஏனைய தமையன்மாரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். குலாம் முகம்மது 1842-இல் அந்நகரின் தர்மதலாவில் தந்தை பெயர் விளங்கும் பள்ளிவாசலை எழுப்பினார். இறைவனுக்கு நன்றியாகவும், 1840-இல் கும்பினி இயக்குநர்கள் தமது உதவித்தொகை நிலுவையை வழங்கியதன் நினைவாகவும் அது கட்டப்பட்டதென அதன் கல்வெட்டு கூறுகிறது. தந்தையின் நாட்டைப் பறித்தோருக்கு மகன் நன்றி கூறுவதா எனச் சிலர் வினவலாம். நான்கு வயது முதல் உணவும் உறைவிடமும் பிறர் கையில் இருக்கப்பெற்ற ஒருவரை அவ்வாறு எளிதில் குறை கூற நாம் துணியோம். அரசமரபினரை விண்ணப்பம் எழுதுவோராக மாற்றியதே அச்சிறைவாசத்தின் கொடிய விளைவாகும்.

எனினும் அவர் தம் குலத்தை மறந்தாரல்லர். ஹைதர் அலியின் படையில் பணிபுரிந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதிய ஹைதர், திப்பு வரலாற்றைத் திருத்தி, 1855-இல் இலண்டனில் வெளிவரச் செய்தார். எஞ்சியுள்ள ஒரே புதல்வர் என்றே அந்நூல் அவரைக் குறிக்கிறது. 1872-இல் அவர் கல்கத்தாவில் இறையடி சேர்ந்தார்.

பிறப்பைக் குற்றமாக்கும் போக்கு அக்காலத்தோடு முடியவில்லை. 1942-இல் அமெரிக்க அரசு, சப்பானிய வமிசத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களுள் மூன்றில் இருபங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். 1988-இல் அந்நாடு சட்டத்தின் வாயிலாக மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்கியது. வேலூரில் அடைபட்ட சிறார்களுக்கு அத்தகைய நீதி எதுவும் கிட்டவில்லை.

ஒருவர் சுமையை மற்றொருவர் மீது ஏற்றுதல் ஆகாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் நெறி. மாணவச் செல்வங்கள் கோட்டைக்குச் செல்லும்போது, சிப்பாய்களின் வீரத்தோடு அந்நான்கு வயதுக் குழந்தையையும் நினைவிற்கொள்ள வேண்டும் என்பதே நம் அவா.