தையல் மெஷினில் பிறந்த இரத்தக்குழாய்



ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் நம்மவர்களுக்கு, குழாய் வெடித்தால் மெஷினை நிறுத்திவிட்டு மாற்றத் தெரியும். நெஞ்சுக்குள் ஓடும் பெரிய குழாய் கிழிந்தால்? அதற்கு வழி காட்டிய டாக்டர் மைக்கேல் டிபேக்கி அவர்களின் கதை இது.

1908 செப்டம்பர் 7 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் லெபனானிலிருந்து குடியேறியவர்கள். அம்மா தையலில் கெட்டிக்காரர்; பையனுக்கும் கற்றுக்கொடுத்தார். ஆம்பளைப் பிள்ளைக்குத் தையல் எதுக்கு என்று நாம் கேட்போம். பதில் பின்னால் வந்தது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்தால், இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். 1760இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இதில்தான் மாண்டார். 1954இல் ஹூஸ்டன் நகரில் டிபேக்கி குழுவினர் இதற்கு அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார்கள்.

செயற்கைக் குழாய் செய்ய நைலான் துணி தேடி ஒருநாள் கடைக்குப் போனார். ஸ்டாக் இல்லை. டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணிதான் கிடைத்தது. அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் மெஷினில் தாமே குழாயாகத் தைத்தார்!

அதற்குப் பிறகு இத்துறை வெகுதூரம் வந்துவிட்டது. 1996இல் ஜப்பானின் கட்டோ குழுவினர் ஒரு கலப்பு முறையை வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறந்து தமனியின் வளைவை மாற்றும்போதே, ஸ்டென்ட் கோத்த துணிக்குழாயைக் கீழ்ப்பகுதிக்குள் செலுத்திவிடுவது. இன்றும் இத்தகைய குழாய்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணிதான்.

2005 டிசம்பர் 31. டிபேக்கிக்கு வயது 97. அவருக்கே பெருந்தமனி கிழிந்தது. ஆஸ்பத்திரியில் சேர முதலில் மறுத்தார். ஆபரேஷனும் வேண்டாம் என்றார். 2006 பிப்ரவரியில் நினைவு தப்பியது. அவர் விருப்பத்தை மீறலாமா? மருத்துவர்கள் தயங்க, மனைவி வற்புறுத்த, மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடி அனுமதித்தது. பல்லாண்டு உடன் பணியாற்றிய டாக்டர் ஜார்ஜ் நூன் கத்தியை எடுத்தார். பொருத்தியது டேக்ரான் குழாய்! மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், எழுந்து மறுபடி வேலைக்கும் போனார். 2008 ஜூலை 11 அன்று, 99 வயதில் மறைந்தார்.

நண்பர்களே, நெஞ்சோ முதுகோ திடீரென்று கிழிகிற மாதிரி வலித்தால், கேஸ் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிரஷரை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஊசி நூலை எடுத்தால் தடுக்காதீர்கள்!