வாடகை அறையில் வாழ்ந்த பெருங்கவி

போர்த்துகீசிய மொழியில் ‘பெசோவா’ என்னும் சொல்லுக்கு ‘ஆள்’ என்பது பொருள். அதனையே குடும்பப் பெயராகக் கொண்ட பெர்னாண்டோ பெசோவா, ஓர் ஆளாக வாழ்ந்து பலராக எழுதியவர்.

இவர் 1888ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் லிஸ்பன் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். டர்பன் நகரில் போர்த்துகீசியத் தூதராகப் பணியாற்றியவரைத் தாய் மறுமணம் செய்துகொண்டமையால், 1896இல் தென்னாப்பிரிக்கா சென்று ஆங்கிலவழிக் கல்வி பெற்றார். 1905இல் லிஸ்பன் திரும்பிய பின், வணிக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதங்கள் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மணம் புரியவில்லை. உறவினர் இல்லங்களிலும் வாடகை அறைகளிலுமே அவர் காலம் கழிந்தது.

அவ்வறைகளிலேதான் ஆல்பர்த்தோ காயிரோ, ரிக்கார்தோ ரெய்ஸ், ஆல்வரோ டி கம்போஸ் என்னும் கற்பனைக் கவிஞர்கள் உருவாயினர். இவை வெறும் புனைபெயர்கள் அல்ல. ரெய்ஸ் மருத்துவர், கம்போஸ் பொறியாளர், காயிரோ, பெசோவா உள்ளிட்ட அனைவர்க்கும் ஆசான். ஒவ்வொருவர்க்கும் தனி வாழ்க்கை வரலாறும் தனி நடையும் உண்டு.

1915இல் ‘ஓர்பியூ’ இதழ்வழிப் போர்த்துகீசியக் கவிதையில் புதுமையைப் புகுத்திய இவர், தம் வாழ்நாளில் வெளியிட்ட போர்த்துகீசியக் கவிதை நூல் 1934இல் வந்த ‘மென்சாஜெம்’ ஒன்றே. மறு ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், 47ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பெட்டியில் 25,000க்கும் மேற்பட்ட தாள்கள் இருந்தன. கணக்கு எழுதும் எளிய குமாஸ்தா ஒருவரின் குறிப்புகளாக அவர் எழுதிவந்த உரைநடைத் துணுக்குகள், ‘அமைதியின்மையின் நூல்’ எனத் தொகுக்கப்பெற்று 1982இல் வெளிவந்தன. அவர் வாழ்ந்த 47 ஆண்டுகளுக்கு நிகராக, அந்நூல் மேலும் 47 ஆண்டுகள் காத்திருந்தது.

அவர் இறுதிப் பதினைந்து ஆண்டுகள் குடியிருந்த இல்லம் 1993 முதல் நினைவகமாக விளங்குகிறது. அங்கே அவருடைய அறை மீண்டும் அமைக்கப்பட்டுள்ளது. லிஸ்பனில் அவர் பெயர் தாங்கிய தங்கும் விடுதியும் உண்டு. வாழ்நாளெல்லாம் வாடகை கொடுத்தவரின் பெயரில் இன்று அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன.

எனினும் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் அணிந்த உருவத்தைச் சுவரில் தீட்டுவதால் மட்டும் கவிஞர் அங்கு வந்துவிடுவதில்லை. பெட்டியிலிருந்த தாள்களைக் குடும்பத்தார் கிழித்தெறியாமல் காத்தனர். அவை இன்று போர்த்துகல் தேசிய நூலகத்தில் உள்ளன. அறிஞர்கள் பல்லாண்டு உழைத்து அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். அச்சேறாத எழுத்தை அக்கறையோடு பேணியவர்களாலேயே உலகம் பெசோவாவை அடைந்தது.