எலன் சுவாலோ ரிச்சட்ஸ்: ஆசிரியைகளுக்காக ஆய்வுகூடம் திறந்தவர்

நாம் உயர்தரம் படித்தது போர்க்காலத்தில். இரசாயனப் பொருள்கள் கிடைப்பது அரிது. வகுப்பு முழுவதற்கும் இரண்டே இரண்டு அளவிகள்தான் இருந்தன. ஆனாலும் எமது இரசாயனவியல் ரீச்சர் ஒரு செய்முறையையேனும் கரும்பலகையில் எழுதிவிட்டு விட்டதில்லை. செவ்வரத்தம்பூவை அவித்துக் காட்டி செய்வார். தேசிக்காய்ப்புளியையும் சுண்ணாம்புநீரையும் கொண்டு எம்மையே செய்து பார்க்கச் சொல்வார். தாமே பலமுறை செய்து கை பழகிய ஒருவரால்தான் இல்லாமைக்குள்ளும் அப்படிக் கற்பிக்க முடியும் என்பது அன்று எமக்கு விளங்கவில்லை. பின்னாளில் மருத்துவம் கற்றபோது, நீரால் பரவும் நோய்களின் வரலாற்றில் ஒரு பெண்மணியின் பெயரைக் கண்டேன். அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தபோதெல்லாம் எமது ரீச்சரின் நினைவே வந்தது. எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுவது பொருத்தமென எண்ணுகிறேன்.

எலன் சுவாலோ 1842 டிசம்பர் 3ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள டன்ஸ்ரபிள் என்னும் கிராமத்தில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை, தாய் இருவரும் ஆசிரியர்களாக இருந்தவர்கள். தொடக்கக் கல்வியை அவருக்கு வீட்டிலேயே புகட்டினர். மகளை நல்ல பாடசாலையில் சேர்க்க வேண்டுமென்பதற்காக 1859இல் வெஸ்ற்போட் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பாடசாலைக் கல்வி முடிந்தபின் எலன் தந்தையின் கடையில் நின்றார், படிப்பித்தார், பிறர் வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்தார். இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்த்த 300 டொலருடன், 1868இல், தமது 25ஆவது வயதில், பெண்களுக்கான வாசர் கல்லூரியில் காலடி வைத்தார். இரண்டே ஆண்டுகளில் பட்டம் பெற்றார்.

இரசாயனவியலை மேலும் கற்கும் ஆவலில் பொஸ்ரன் நகரிலிருந்த மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் சேர்க்கப்பட்டதில்லை. 1870 டிசம்பரில் அவரைச் சிறப்பு மாணவியாக ஏற்றுக்கொண்டனர். கட்டணமும் வேண்டாம் என்றனர். தமது வறுமையை எண்ணிச் செய்த உதவி என்றே அவர் நம்பினார். உண்மை வேறு. யாராவது ஆட்சேபித்தால், அவர் எமது மாணவியே அல்லர் என்று சொல்லித் தப்பிக்கொள்வதற்காகவே கட்டணம் வாங்கப்படவில்லை. அது முன்பே தெரிந்திருந்தால் அங்கே போயிருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் கூறியதுண்டு.

ஆய்வுகூடத்தில் அவர் எவரோடும் முரண்படவில்லை. மேசைகளைத் துடைத்தார், பேராசிரியர்களுக்குச் சிறு தையல் வேலைகள் செய்து கொடுத்தார், வெட்டுக்காயங்களுக்குக் கட்டுப்போட்டார். அதேவேளை பகுப்பாய்வில் அவரது கைத்திறன் எவரும் மறுக்க முடியாததாக வளர்ந்தது. 1873இல் அந்நிறுவகத்தில் பட்டம் பெற்ற முதற் பெண் ஆனார். அதே ஆண்டில், இரும்புத்தாது ஒன்றைப் பகுப்பாய்வு செய்த ஆய்வுக்காக வாசர் கல்லூரி அவருக்கு முதுமாணிப் பட்டம் வழங்கியது. 1875இல் அங்கே சுரங்கவியல் கற்பித்த பேராசிரியர் றொபேட் ரிச்சட்ஸை மணந்தார்.

தமக்குக் கதவு திறந்ததும் பலர் அமைதி அடைந்துவிடுவர். எலன் அம்மையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காலத்தில் அமெரிக்கப் பெண்பிள்ளைகள் பலருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் பெண்களே. ஆயினும் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியைகளிற் பலர் ஒரு சோதனைக் குழாயைத் தம் கையால் சூடாக்கிப் பார்த்திருக்கவில்லை. புத்தகத்தில் உள்ளதை மனனம் செய்து மாணவிகளையும் மனனம் செய்வித்தனர். பிள்ளையின் கை பழக வேண்டுமானால் முதலில் ஆசிரியையின் கை பழக வேண்டும் என்பதை அம்மையார் கண்டுகொண்டார்.

பொஸ்ரன் பெண்கள் கல்விச் சங்கத்தினரிடம் அவர் இதை எடுத்துரைத்தார். கருவிகளுக்கான பணத்தை அச்சங்கம் திரட்டியது. நிறுவகம் இடம் கொடுத்தது. 1876 நவம்பரில் ஒரு சிறிய கட்டடத்தில் பெண்கள் ஆய்வுகூடம் திறக்கப்பட்டது. பேராசிரியர் ஜோன் ஓட்வே பொறுப்பாளர். அம்மையார் அவருக்கு உதவியாளர். அவருக்குச் சம்பளம் இல்லை. மாறாக, தமது கைப்பணத்தையும் ஆண்டுதோறும் அதற்கே செலவிட்டார். வந்து சேர்ந்தவர்களில் ஏராளமானோர் பாடசாலை ஆசிரியைகள். இரசாயனப் பகுப்பாய்வையும் கனிப்பொருளியலையும் அவர்கள் அங்கே கையால் செய்து கற்றனர். நிறுத்து, கரைத்து, வடித்து, வீழ்படிவு வருகிறதா என்று தம் கண்ணால் பார்த்து, பிழைத்தால் மீண்டும் செய்தனர்.

பொஸ்ரனுக்கு வர முடியாதவர்களையும் அவர் மறக்கவில்லை. வீட்டிலிருந்து கற்கும் பெண்களுக்குத் தபால்வழிக் கல்வி வழங்கிய ஒரு சங்கத்தில் விஞ்ஞானப் பிரிவில் இணைந்து, தொலைதூரப் பெண்களுக்குக் கடிதம்மூலம் வழிகாட்டினார். 1882இல் சமையலினதும் துப்புரவினதும் இரசாயனம் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மாவு ஏன் பொங்குகிறது, சவர்க்காரம் எப்படி அழுக்கை நீக்குகிறது என்று, குசினியையே ஆய்வுகூடமாக்கிக் காட்டியது அந்நூல். மாநிலச் சுகாதார சபைக்காகக் கடைச்சாமான்களையும் பரிசோதித்தார். கறுவாத்தூளில் மரத்தூள் கலந்திருந்ததை அவரது சோதனை காட்டிக்கொடுத்தது.

நிறுவகம் பெண்களை வழமையான மாணவிகளாகவே ஏற்கத் தொடங்கியதும், 1883இல் பெண்கள் ஆய்வுகூடம் மூடப்பட்டது. அது அவரது வெற்றி. ஆனால் அந்த வெற்றியால் அவருடைய வேலையும் போயிற்று. பிள்ளைகளெல்லாம் மணமுடித்துப் போக, வெறும் வீட்டில் தனித்துவிடப்படும் தாயின் நிலை தமக்கு என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு நிறுவகம் அவரைச் சுகாதார இரசாயனவியல் போதனாசிரியராக நியமித்தது. இறக்கும்வரை 27 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். பேராசிரியர் பதவி கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

மருத்துவராகிய என்னை மிகவும் கவர்ந்தது அவரது நீராய்வு. 1887 முதல் இரண்டாண்டுகள், பேராசிரியர் தோமஸ் டிரவுனின் கீழ், மாநிலமெங்குமிருந்து வந்த ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகளைப் பரிசோதித்தார். கடற்காற்று உப்பைக் கொண்டுவருவதால் கரையோர நீரில் குளோரைட்டு கூடுதலாகவும், உள்ளே செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் உரிய இயல்பான அளவு படத்தில் கோடுகளாக வரையப்பட்டது. ஒரு கிணற்றில் அளவு அதற்கு மேற்பட்டால் அங்கே மனிதக் கழிவு கலந்திருக்கக்கூடும், நெருப்புக்காய்ச்சல் வரக்கூடும். எமது யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. சுண்ணாம்புக் கற்படையினூடாகக் கடல்நீரே இங்கு உட்புகுவதுண்டு. ஆனால் இயல்பானது எது என்று முதலில் அறிந்து, பின்பு பிறழ்வைத் தேடும் அந்த முறையைத்தான் ஒவ்வொரு நோயாளியின் முன்னும் நாம் இன்றும் கைக்கொள்கிறோம்.

பழைய மாணவிகளாகிய எமக்கு இன்னுமொரு செய்தி உண்டு. 1881இல், மரியன் ரல்பொற் என்னும் இளம் பட்டதாரியோடும் வேறு சிலரோடும் சேர்ந்து, பல்வேறு கல்லூரிகளில் கற்றுத் தேறிய பெண்களை ஒரு சங்கமாகத் திரட்டியவரும் எலன் அம்மையாரே. படித்து முடித்த பெண்கள் தமக்குப் பின் வருவோருக்காகக் கூடி உழைக்க வேண்டும் என்பதே அச்சங்கத்தின் எண்ணம். பின்னர் மனையியலை ஒரு கல்வித்துறையாக வளர்த்து, அதற்கான அமெரிக்கச் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். 1911 மார்ச் 30ஆம் திகதி, 68ஆவது வயதில், இதயநோயால் காலமானார்.

இன்று எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் அளவிகளுக்குக் குறைவில்லை. உலகெங்கும் வாழும் நீங்கள் மனமுவந்து அளித்தவை அவை. ஆயினும் செய்முறைகளைக் கொப்பியில் எழுதி மட்டும் படித்துப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எமது மாகாணத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களது ஆசிரியர்களும் பல வேளைகளில் அவ்வாறே படித்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது முறையன்று. செய்து பார்க்கும் வாய்ப்பை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நூற்றாண்டு நிறைவில் நாம் கட்டடம் எழுப்பலாம், கருவி வாங்கலாம். அவற்றோடு, பாடசாலை விடுமுறையில் சில நாள்களுக்கு எமது ஆய்வுகூடத்தைத் திறந்து, அயற் பாடசாலைகளின் இரசாயனவியல் ஆசிரியர்களும் தம் கையால் செய்து பழக வழி செய்வோமாயின், பயன் பன்மடங்காகும். எம்மில் விஞ்ஞானம் கற்றுத் தேறியோர் அந்நாள்களில் அவர்களருகே துணையாக நிற்கலாம்.

செவ்வரத்தம்பூச் சாற்றின் நிறம் மாறிய கணத்தில் எமது ரீச்சரின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி, எங்களுடையதைவிடக் கூடுதலாகவே இருந்தது. அந்த மகிழ்ச்சி ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாய்க்க வேண்டும். எமது கல்லூரி வாழ்க!