பெண்ட்லியின் சிறந்த கார் எது?

பழைய கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் விடுதியில் பொழுது விடிந்துவிடும். இயந்திரவியல் படிக்கும் மாணவர்கள் என்றால் கேட்கவா வேண்டும்! சென்ற தவணையில் ஓர் இரவு மாமாக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். பெண்ட்லி நிறுவனம் 1919 முதல் 1931 வரை உருவாக்கிய கார்களில் மிகச் சிறந்தது எது?

முதலில் வந்த 3 லிட்டர் கார்தான் என்றார் ஒரு நண்பர். அது இல்லாவிட்டால் மற்றவை பிறந்தே இருக்காது என்பது அவர் வாதம். மூத்த மாணவர் ஒருவர் 8 லிட்டர் காரைத் தூக்கிப் பிடித்தார். இன்னொருவர் ஸ்பீட் சிக்ஸ் என்றார். நான் புளோவரின் பக்கம். முன்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தச் சூப்பர்சார்ஜரைப் படத்தில் பார்த்தாலே எனக்கு உடல் சிலிர்க்கும். இயன் ஃப்ளெமிங் தம் முதல் நாவலில் ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்ததும் சூப்பர்சார்ஜர் பூட்டிய பெண்ட்லி காரைத்தானே! எங்களில் ஒருவரும் இக்கார்களை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் விவாதம் இரவு இரண்டு மணி வரை நீண்டது.

விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது படங்களை அப்பாவிடம் காட்டினேன். அப்பா லாரிப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். இதில் எது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. குதிரைத்திறன் தெரியும், வேகம் தெரியும், விலை தெரியும். அவர் கேட்டது மட்டும் தெரியவில்லை. பதில் தேடப் போன இடத்தில்தான் இக்கார்களைப் படைத்த வால்டர் ஓவன் பெண்ட்லியின் வாழ்க்கையைப் படித்தேன்.

இரயில் பட்டறையில் தொடக்கம்

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனின் ஹேம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தவர் பெண்ட்லி. ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. சிறு வயது முதலே அவருக்கு இரயில் இயந்திரங்களின் மீது மோகம். பதினாறாவது வயதில் பள்ளியை விட்டு, டான்காஸ்டரில் கிரேட் நார்தர்ன் இரயில்வேயின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். வசதியான வீட்டுப் பிள்ளை, எண்ணெய்க் கறையோடு ஐந்தாண்டுகள் உழைத்தார். ஓடும் இரயிலில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலையையும் செய்தார். நீண்ட தூரத்தை நிற்காமல் கடக்கும் பெரிய இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்ற பாடத்தை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். பிற்காலத்தில் அவர் செய்த கார்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இரயில்வேயில் முன்னேற்றத்திற்கு வழி குறைவு என்று உணர்ந்து 1910இல் வெளியேறினார். இலண்டனில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தின் வண்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். 1912இல் அண்ணனோடு சேர்ந்து, டி.எஃப்.பி. எனும் பிரெஞ்சுக் கார்களை விற்கும் வியாபாரத்தில் இறங்கினார்.

1913இல் பிரான்சிலிருந்த டி.எஃப்.பி. தொழிற்சாலைக்குச் சென்றவரின் கண்ணில் மேசை மீதிருந்த ஒரு சிறு பொருள் பட்டது. காகிதம் பறக்காமல் வைக்கும் பாரம். பிஸ்டன் வடிவில் அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். அலங்காரப் பொருள்தான். ஆனால் உண்மையான பிஸ்டனையே அலுமினியத்தில் செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். அக்காலத்தில் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பு அல்லது எஃகு. அலுமினியமோ எடை குறைந்தது, வெப்பத்தையும் விரைவாகக் கடத்தும். இயந்திரம் இன்னும் வேகமாகச் சுழலலாம், அழுத்தத்தையும் கூட்டலாம். சிறிது செம்பு கலந்து வார்த்துப் பார்த்தார், வெற்றி கிடைத்தது. சாதாரண டி.எஃப்.பி. கார் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் சாதனைகள் படைத்தது.

முதல் உலகப் போர் தொடங்கியதும் இந்த இரகசியத்தை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்து, விமான இயந்திரங்கள் செய்த ரோல்ஸ்-ராய்ஸ், சன்பீம் நிறுவனங்களுக்கு அலுமினியப் பிஸ்டனின் பயனை விளக்கினார். பிறகு தாமே பி.ஆர்.1, பி.ஆர்.2 என்ற விமான இயந்திரங்களை வடிவமைத்தார். புகழ்பெற்ற சோப்வித் கேமல் போர் விமானங்கள் பலவற்றை இயக்கியது பி.ஆர்.1. போருக்குப் பின் அரசு அவருக்கு 8,000 பவுன் வெகுமதி அளித்தது. ஆனால் 1919இல் பரவிய விஷக் காய்ச்சலில் அவருடைய முதல் மனைவி காலமானார். அந்தத் துக்கம் ஆறாத அதே ஆண்டில்தான் பெண்ட்லி மோட்டார்ஸ் பிறந்தது.

3 லிட்டரும் லெ மானும்

பேக்கர் சாலைக்கு அருகில் ஒரு சந்தில், 1919இல் முதல் இயந்திரம் உயிர் பெற்றது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள், இரண்டு தீப்பொறிச் செருகிகள். இன்று நம் வீட்டுக் கார்களில் சர்வ சாதாரணமாக இருக்கும் நான்கு வால்வு முறையை அவர் நூறாண்டுகளுக்கு முன்பே விற்பனைக் காரில் பயன்படுத்தினார் என்பதை அறிந்தபோது வியந்து போனேன். முதல் கார் வாங்குபவர் கைக்குச் சென்றது 1921இல்தான். 3 லிட்டர் கார்கள் மொத்தம் 1,600க்கும் மேல் தயாராயின.

1923இல் பிரான்சின் லெ மான் நகரில் முதன்முறையாக 24 மணி நேரப் பந்தயம் நடந்தது. ஜான் டஃப் என்பவர் தம் சொந்த 3 லிட்டர் காரோடு அதில் கலந்துகொண்டார். இரவு பகலாக ஓடினால் எந்தக் காரும் தாங்காது என்று பெண்ட்லி நினைத்தார். ஆனாலும் மனம் கேட்காமல் கடைசி நேரத்தில் பார்க்கப் போனார். கல் பட்டு விளக்கு உடைந்தது. எரிபொருள் தொட்டியும் ஓட்டையானது. அப்படியும் அந்தக் கார் நான்காம் இடத்தில் வந்தது. அடுத்த ஆண்டு முதலிடம்!

1927ஆம் ஆண்டுப் பந்தயம் இன்றும் பேசப்படுகிறது. இரவில் ஒரு வளைவில் நடந்த விபத்தில் மூன்று பெண்ட்லி கார்களும் சிக்கின. அவற்றுள் ஒரு 3 லிட்டர் கார் மட்டும், உடைந்த விளக்கோடும் நசுங்கிய முன்புறத்தோடும் தொடர்ந்து ஓடி வெற்றி பெற்றது. இலண்டன் சவோய் ஹோட்டலில் நடந்த விருந்துக்கு அந்தக் காரையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதைப் படித்தபோது, 3 லிட்டருக்காக வாதாடிய நண்பர் பக்கம் சாய்ந்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

புளோவரின் கதை

வெற்றிகள் குவிந்தாலும் கையில் பணம் நிற்கவில்லை. 1926இல் வைரச் சுரங்கச் செல்வந்தர் குடும்பத்தைச் சேர்ந்த உல்ஃப் பர்னாட்டோ நிறுவனத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அன்று முதல் பெண்ட்லி, தம் பெயர் கொண்ட நிறுவனத்திலேயே இன்னொருவரின் கீழ் வேலை செய்பவரானார்.

போட்டியாளர்களின் வேகம் கூடியபோது இரண்டு கருத்துகள் மோதின. சக்தி போதாவிட்டால் இயந்திரத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது பெண்ட்லியின் கொள்கை. பந்தய வீரர் டிம் பிர்கின், 4½ லிட்டர் காரிலேயே சூப்பர்சார்ஜரைப் பூட்டலாம் என்றார். சூப்பர்சார்ஜர் காற்றையும் எரிபொருளையும் அழுத்தி உள்ளே தள்ளும். 110 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் பந்தயக் காரில் 240ஐத் தொட்டது. ஆனால் வெப்பம் ஏறும், பாகங்கள் தேயும், எரிபொருளும் கரையும். பெண்ட்லி கடுமையாக எதிர்த்தார். பர்னாட்டோ அனுமதித்தார். டோரதி பேஜெட் என்ற செல்வந்தப் பெண்மணி பணம் கொடுத்தார். 55 புளோவர் கார்கள் உருவாயின.

முடிவு என்ன? 1930இல் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் இரண்டாம் இடம். 1932இல் புரூக்லண்ட்ஸில் மணிக்கு ஏறக்குறைய 222 கிலோமீட்டர் என்ற சாதனை. இவை பெருமைக்குரியவைதான். ஆனால் 1930ஆம் ஆண்டு லெ மானில் ஓடிய இரண்டு புளோவர்களும் பாதியிலேயே நின்றுவிட்டன. அப்பாவின் கேள்வி மீண்டும் என் காதில் ஒலித்தது.

பெண்ட்லி தம் வழியில் செய்தது 6½ லிட்டர், ஆறு சிலிண்டர் ஸ்பீட் சிக்ஸ். 1929 லெ மானில் அது முதலிடம். அதன் பின்னால் வந்த மூன்றும் சூப்பர்சார்ஜர் இல்லாத 4½ லிட்டர் பெண்ட்லிகள். 1930இல் ஸ்பீட் சிக்ஸ் கார்களுக்கே முதல் இரண்டு இடங்களும். அதிலும் வியப்பு என்னவென்றால், இரண்டு ஆண்டுகளும் வென்றது ஒரே கார்!

பறிபோன பெயர்

1930 அக்டோபரில் அவர் தம் கனவுக் காரான 8 லிட்டரை வெளியிட்டார். பெரிய உடற்கூட்டைச் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது நோக்கம். அது நிறைவேறியது. ஆனால் காலம் கைகொடுக்கவில்லை. 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அத்தகைய காரை வாங்க யார் இருந்தார்கள்? நூறு கார்களோடு அது முடிந்தது.

1931 ஜூலையில் நிறுவனம் கடனில் மூழ்கியது. நேப்பியர் நிறுவனம் வாங்கும் என்று நம்பிப் புதிய காரின் வடிவமைப்பைக்கூட பெண்ட்லி தொடங்கியிருந்தார். கடைசி நேரத்தில் வேறொருவர் கூடுதல் விலை கேட்டு வாங்கிவிட்டார். திரை மறைவில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ். விலை ஏறக்குறைய 125,000 பவுன். போர்க் காலத்தில் எந்த நிறுவனத்துக்கு அவர் பிஸ்டன் இரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தாரோ, அதே நிறுவனம்! அவர் ஓட்டிவந்த 8 லிட்டர் காரும் நிறுவனத்தின் சொத்து என்பதால் கையை விட்டுப் போனது. அதே ஆண்டில் இரண்டாம் திருமணமும் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 43.

ரோல்ஸ்-ராய்ஸ் அவருக்கு வேலை கொடுத்தது. ஆனால் கார் வடிவமைக்கும் பொறுப்பைக் கொடுக்கவில்லை. 1935இல் ஒப்பந்தம் முடிந்ததும் லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்து, பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரத்தை உருவாக்கினார். 1939 லெ மானில் அக்கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 2.6 லிட்டர் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதைத் தாங்கிய காருக்கு அவர் பெயரையும் சேர்க்க லகோண்டா விரும்பியபோது, ரோல்ஸ்-ராய்ஸ் நீதிமன்றம் சென்று தடுத்தது. தம் சொந்தப் பெயரையே தம் படைப்புக்குச் சூட்ட முடியாத நிலை. 1947இல் டேவிட் பிரவுன் லகோண்டாவை வாங்கினார். அந்த இயந்திரம் ஆஸ்டன் மார்ட்டின் டிபி2 காரில் புகழ் பெற்றது. காரின் முகப்பில் இருந்தது வேறு பெயர். உள்ளே துடித்தது பெண்ட்லியின் இதயம்.

முதுமையில் அவர் ஓட்டியது மோரிஸ் மைனர் என்ற சாதாரணச் சிறிய கார். பழைய பெண்ட்லி உரிமையாளர்கள் அவரைக் குலதெய்வம்போல் போற்றினார்கள். 1971 ஆகஸ்ட் 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

என் தீர்ப்பு

இப்போது எங்கள் கேள்விக்கு வருகிறேன். பெண்ட்லி நிறுவனம் 2019இல் தன் பழைய கார் ஒன்றைப் பன்னிரண்டு எண்ணிக்கையில் மீண்டும் புதிதாகச் செய்யப்போவதாக அறிவித்தது. எதைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? நிறுவனர் விரும்பாத புளோவரைத்தான்! ஸ்பீட் சிக்ஸுக்கு வாய்ப்பு அதற்குப் பிறகே கிடைத்தது. கண்ணுக்கு எடுப்பானதை உலகம் முதலில் நினைவு வைத்துக்கொள்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்று என் வாக்கு ஸ்பீட் சிக்ஸுக்கே. 1927இல் 3 லிட்டர் வென்றது துணிச்சலால். புளோவரின் புகழ் வேகத்தால். ஸ்பீட் சிக்ஸ் வென்றதோ, தன் சக்தியைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, 24 மணி நேரமும் சலிக்காமல் ஓடும்படி செய்யப்பட்டதால். டான்காஸ்டரில் நிலக்கரி அள்ளிய இளைஞனின் கைவண்ணத்தை அதில் காண்கிறேன்.

ஆனால் கார்களைவிட அவற்றைச் செய்தவரின் பிற்பாதி வாழ்க்கைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் நம்மில் பெரும்பாலோர், நம் பெயர் பொறிக்கப்படாத பொருள்களைத்தான் செய்யப்போகிறோம். பெயரும் காரும் போன பிறகும் அந்த மனிதர் அடுத்த இயந்திரத்தை அரைகுறையாகச் செய்யவில்லை. அப்பா பழுது பார்த்த எந்த லாரியிலும் அவர் பெயர் இல்லை. அவை நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தொலைபேசியில் அப்பாவிடம் பதிலைச் சொன்னேன். பெரிய இயந்திரத்தை அவசரப்படுத்தாமல் ஓட்டியிருக்கிறார்கள், அதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றார். மாமாக் கடை நண்பர்கள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் அடுத்த தவணையிலும் தொடரும்.