ஆலை நின்றபோதும் சம்பளம் கொடுத்த முதலாளி

பாடசாலையில் நான் வணிகக் கல்வி கற்பிக்கிறேன். வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்றொரு பாடம் வருடா வருடம் வரும். ஊழியர், வாடிக்கையாளர், சுற்றாடல், அரசு என்று தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் ஒரு வினா வரும், சில புள்ளிகள் கிடைக்கும். அத்தோடு பாடம் முடிந்துவிடும்.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பாடசாலை திறந்த காலத்தில் இந்தப் பாடத்தின் நடுவே ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய வாப்பா ஒரு புடவைக் கடையில் பதினான்கு வருடங்களாக வேலை செய்பவர். கடை மூடிக் கிடந்த மாதங்களில் அவருக்குச் சம்பளம் என்று ஒரு சதமும் வரவில்லை. ஆனால் ஒரு நாள் வீட்டுக்கு உலர் உணவுப் பொதி ஒன்று வந்தது. அதே கடை முதலாளி ஊரிலுள்ள ஏழைகளுக்கெல்லாம் அனுப்பிய பொதிகளில் அதுவும் ஒன்று. அதை வாங்கும்போது வாப்பா அழுதார் என்று சொல்லிவிட்டு, அந்த முதலாளி தன் சமூகப் பொறுப்பை நிறைவேற்றியவரா இல்லையா என்று அவன் என்னிடம் கேட்டான்.

அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பாடப்புத்தகத்தின்படி பார்த்தால் அவர் நன்கொடை வழங்கியவர். அதற்கும் புள்ளி உண்டு. வீடு திரும்பும் வழியில்தான் றொபேர்ட் ஓவன் நினைவுக்கு வந்தார்.

ஆசிரியர் கலாசாலையில் படித்த நாட்களில் சிறுவர் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவராக ஓவனின் பெயரை மனனம் செய்திருந்தேன். அவர் நடத்திய பாடசாலை ஒரு பஞ்சாலையோடு சேர்ந்தது என்பதும், அவர் ஆசிரியரல்ல, முழுநேர வியாபாரி என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரியவந்தன. அந்த வியாபாரியின் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஓவன் 1771இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். பத்து வயதில் வீட்டை விட்டு வெளியேறிய சிறுவன் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். துணியின் தரம் பார்ப்பது, கணக்கு வைப்பது, வாடிக்கையாளரை மதிப்பது எல்லாம் கடையிலேயே கற்றவை. பின்னர் மான்செஸ்டர் சென்று, சுமார் இருபது வயதிலேயே ஐந்நூறு பேர் வேலை செய்த பஞ்சாலை ஒன்றின் முகாமையாளரானார்.

அப்போது ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் நியூ லனார்க் என்ற ஆலைக் கிராமம் இருந்தது. டேவிட் டேல் என்ற செல்வந்தர் அதை நிறுவியிருந்தார். ஓவன் டேலின் மகளை 1799இல் மணமுடித்தார். தன் பங்காளிகளோடு சேர்ந்து அந்த ஆலையை 60,000 பவுணுக்கு வாங்கி, 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நிர்வாகத்தை ஏற்றார்.

கிராமத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் ஐந்நூறு பேரளவில் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்கள். ஐந்து, ஆறு வயதிலேயே வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால வேலை. டேல் அக்காலத்து முதலாளிகளில் நல்லவர் என்று பெயரெடுத்தவர். நல்லவரின் ஆலையிலேயே நிலைமை இதுவென்றால் மற்ற ஆலைகளை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

ஓவன் அநாதைச் சிறுவர்களைக் கொண்டுவருவதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அடுத்து கைவைத்தது ஆலைக் கடையில். அக்காலத்தில் பல ஆலைகளில் தொழிலாளர் முதலாளியின் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும். தரம் குறைந்த பொருளை உயர்ந்த விலைக்கு விற்று, கொடுத்த கூலியைத் திரும்பப் பிடுங்கும் தந்திரம் அது. ஓவன் நல்ல பொருளை மொத்தமாகக் கொள்வனவு செய்து, வாங்கிய விலைக்குச் சற்று மேலாக மட்டும் விற்றார். அதில் மிஞ்சிய இலாபம் பாடசாலைக்குச் சென்றது. தொழிலாளர் தம் கூலியில் அறுபதில் ஒரு பங்கைப் போட்ட நிதியொன்று நோயாளிகளையும் முதியவர்களையும் தாங்கியது.

தெருக்களைக் கூட்டவும் குப்பைகளை அகற்றவும் ஒழுங்கு செய்தார். வீடுகளின் சுத்தத்தைப் பார்க்க ஆட்களை அனுப்பினார். வந்தவர்களுக்கு அவ்வூர்ப் பெண்கள் பூச்சி வேட்டைக்காரர் என்று பட்டம் சூட்டினார்களாம். இயந்திரங்களோ ஆற்று நீரின் வேகத்தில் ஓடின. நீர் சுரங்கவழியாக வந்து, சக்கரங்களைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆற்றில் கலந்தது. ஓவன் சுற்றாடலைக் காக்க எண்ணி அந்த இடத்தைத் தெரிவு செய்யவில்லை. அது அவருக்கு முன்பே அமைந்திருந்தது. ஆனால் ஆறு ஓடும்வரைதான் ஆலை ஓடும் என்பதை அங்கே எவருக்கும் பாடம் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இத்தனைக்கும் தொழிலாளர் அவரை உடனே நம்பிவிடவில்லை. புதிதாக வந்த வெளியூர் முதலாளி நல்லது செய்கிறேன் என்றால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்றே நினைத்தார்கள். அந்த ஐயத்தைப் போக்கியது ஒரு நெருக்கடி.

அவர் நிர்வாகத்தை ஏற்றுச் சில ஆண்டுகளில் அமெரிக்கா தன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. பருத்தியின் விலை ஏறியது. ஆலைகள் பல மூடப்பட்டு, தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. இயந்திரங்களைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது மட்டுமே அவர்கள் வேலை. நான்கு மாதங்கள் முழுச் சம்பளமும் கொடுத்தார். அதற்கான செலவு 7,000 பவுணைத் தாண்டியது. எவருடைய கூலியிலும் ஒரு பென்ஸ் கூடக் குறையவில்லை. அதன் பிறகே அந்தக் கிராமம் அவரை நம்பியது.

இதை வெறும் இரக்கம் என்று ஓவன் சொல்லிக்கொள்ளவில்லை என்பது கவனிக்க வேண்டிய விடயம். உயிரற்ற இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுப் பழுது பார்க்கிற முதலாளி, உயிருள்ள மனிதனைப் பராமரித்தால் இலாபம் இன்னும் கூடும் என்பதே சக முதலாளிகளுக்கு அவர் முன்வைத்த வாதம். இன்று முகாமைத்துவ வகுப்புகளில் மூலோபாயம் என்று கற்பிக்கப்படுவதை அவர் இருநூறு வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆலை நல்ல இலாபமும் தந்தது.

அந்த இலாபமும் பங்காளிகளுக்குப் போதவில்லை. பாடசாலைக்கும் தொழிலாளருக்கும் செலவிடுவதை அவர்கள் எதிர்த்தார்கள். 1813இல் ஆலை ஏலத்துக்கு வந்தது. அதற்குள் ஓவன் புதிய பங்காளிகளைத் தேடிக்கொண்டிருந்தார். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 5 வீதம் மட்டும் எடுப்பது, மிகுதியைத் தொழிலாளரினதும் பிள்ளைகளினதும் நலனுக்கு விடுவது என்பது அவர்களோடு செய்த உடன்பாடு. 114,100 பவுணுக்கு ஆலை அவர் கைக்கே வந்தது. அவர் ஊர் திரும்பியபோது தொழிலாளர் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றார்கள்.

1816இன் முதல் நாளில் புதிய கல்விக்கூடம் திறக்கப்பட்டது. நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் அங்கே இடமிருந்தது. அடியில்லை, ஏச்சில்லை. படங்கள், வரைபடங்கள், பாட்டு, வெளியே சென்று இயற்கையைப் பார்ப்பது எனக் கல்வி நடந்தது. வேலை நேரம் சுமார் பத்தரை மணித்தியாலமாகக் குறைந்தது. இதைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். பின்னாளில் ரஷ்யாவின் சக்கரவர்த்தியான நிக்கலஸும் அவர்களில் ஒருவர். தன் ஆலையோடு நின்றுவிடாமல் சட்டம் வேண்டும் என்றும் ஓவன் போராடினார். 1819இல் வந்த சட்டம் அவர் கேட்டதைவிட மிகவும் பலவீனமானது. ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களைப் பஞ்சாலைகளில் வேலைக்கு வைப்பதை மட்டும் அது தடுத்தது. பதினாறு வயது வரையானோர்க்குப் பன்னிரண்டு மணித்தியால வேலை என வரையறுத்தது.

இவரைக் குறையற்றவராகக் காட்டுவது என் நோக்கமல்ல. மதங்களை வெளிப்படையாக நிராகரித்தவர் அவர். அந்தக் கருத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு நிறக் கட்டையொன்றைத் தொங்கவிட்டு, முதல்நாள் வேலை மோசமென்றால் கறுப்பு, மிக நன்றென்றால் வெள்ளை என்று ஊரறியக் காட்டினார். வளர்ந்த மனிதர்களை மாணவர்களைப் போல் நடத்தியதாகவே எனக்கு அது படுகிறது. 1825இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பைத் தொடங்கி, இரண்டே வருடங்களில் அது குலைய, தன் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்தார்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நியூ லனார்க்கில் நூற்கப்பட்ட பருத்தி எங்கிருந்து வந்தது? அக்காலத்துப் பிரித்தானிய ஆலைகளுக்கு மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அடிமைகள் பறித்த பருத்தியே வந்துகொண்டிருந்தது. தன் ஆலைச் சிறுவனை வேலையிலிருந்து மீட்டு வகுப்பறையில் அமர்த்தியவரின் இயந்திரத்தில் இன்னொரு சிறுவனின் அடிமை உழைப்பு சுற்றியது. ஆலை வாசலுக்கு உள்ளே அவருடைய நீதி நேர்த்தியானது. வாசலுக்கு வெளியே அது எட்டவில்லை.

நியூ லனார்க்கை விட்டு விலகிய ஓவன் கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்து, 1858இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை அவரது சிந்தனையின் வழி வந்ததுதான். அந்த இயக்கத்தின் அலை நம் நாட்டையும் தொட்டது. 1911இல் இங்கே முதலாவது கூட்டுறவுச் சட்டம் வந்தது. கூப்பன் காலத்தில் நம் பெற்றோர் வரிசையில் நின்ற சங்கக்கடையின் வேரைத் தேடிப்போனால் அதில் ஒரு கிளை கிளைட் ஆற்றங்கரைக்கும் போகும். ஆலை 1968இல் மூடப்பட்டது. 2001 முதல் அந்தக் கிராமம் உலக மரபுரிமைச் சின்னம். இன்றும் அதே ஆற்று நீரில் அங்கே மின்சாரம் பிறக்கிறது.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். நம் சமூகம் வியாபாரத்தால் பெயர் பெற்ற சமூகம். கொடுப்பதிலும் குறைந்தவர்களல்லர். வெள்ளம் வந்தாலும் தொற்று வந்தாலும் முதலில் பொதி கட்டுபவர்கள் நாம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஏழைக்குக் கொடுப்பது வேறு, நமக்காக உழைத்தவரை ஏழையாக்காமல் இருப்பது வேறு. பதினான்கு வருடம் துணி மடித்தவருக்கு முதலாளி கொடுக்க வேண்டியிருந்தது தர்மமல்ல, அவருடைய உரிமை. முழுச் சம்பளம் முடியாதென்றால் பாதி. அதுவும் இயலாதென்றால் முன்கூட்டிச் சொல்லும் ஒரு வார்த்தை.

நம் கடைகளில் எத்தனை ஊழியர்களுக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறது? முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். ஓவன் காலத்தில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. இரவு பத்து மணிவரை கடையில் நிற்கும் பையன் மறுநாள் என் வகுப்பில் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறான். அவனுக்கு என்ன வயது என்று கேட்டுத்தான் வேலைக்கு எடுத்தோமா? நாம் விற்கும் மலிவான ஆடையை எந்த நாட்டில் எந்தப் பிள்ளை தைத்தது? கடைக்குப் பின்னால் வாய்க்காலில் கிடக்கும் பொலித்தீன் யாருடைய கணக்கில் சேரும்? ஓவனின் நீதி நின்றுபோன அந்த வாசலுக்கு வெளியேயும் நம் கணக்கை எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மாணவன் க.பொ.த. சாதாரண தரம் எழுதிவிட்டு இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஒரு நாள் அவனே முதலாளியாகலாம். கடந்த வாரம் கண்டபோது ஓவனின் நான்கு மாதச் சம்பளக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடை மூடும் காலத்துக்கென்று மாதா மாதம் எவ்வளவு ஒதுக்கினால் அப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டான். கொப்பியைத் திறந்து இருவரும் கணக்குப் போட்டோம்.